நிக்கிறியாடி?

பெட்ரோல் பங்க்கில் பெண்களுக்குக் குளியலறை இல்லாத காலத்தில் பாப்பாத்தியும் ஜெசிந்தாவும் தங்கள் லாரிகளை அருகருகே நிறுத்தி, இடையிலுள்ள சந்தின் இரு முனையிலும் சேலையைக் கட்டிவிடுவார்கள். ஒருத்தி குளித்தால் மற்றவள் வீல் ஸ்பேனரோடு காவல். சோப்பு நுரையில் கண்ணை மூடும்போதெல்லாம் குளிப்பவள் உள்ளிருந்து "நிக்கிறியாடி?" என்று கேட்பாள். "நிக்கிறேன், குளி" என்று பதில் வரும்.

ஜெசிந்தா மூட்டுவலியால் வண்டியை விட்டு நாலு வருஷம். பங்க்கிலும் இப்போது தாழ்ப்பாள் போட்ட குளியலறை வந்துவிட்டது. இன்று அதற்குள் தலைக்குச் சோப்பு போட்டதும் பாப்பாத்தியின் வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"நிக்கிறியாடி?"

வெளியே தன் முறைக்குக் காத்திருந்த, பெயர் தெரியாத லாரிக்காரப் பெண்ணின் குரல் வந்தது.

"நிக்கிறேன்க்கா. நீங்க குளிங்க."

பாப்பாத்தி கண்ணைத் திறக்காமலேயே அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டாள்.