கோட்டைக்கு அப்புறம் ‘நீ’

பழைய வாள்சண்டை கேம் ஒன்றைப் புதுப்பித்து வெளியிட இருந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு வசனம் எழுதிய இருவரையும் மேனேஜர் வரவழைத்திருந்தார். நாயகனுக்கு எழுதியவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாயகனுடனே வரும் வீராங்கனைக்கு எழுதிய பெண்மணி கதவோரம் உட்கார்ந்தார்.

“சண்டையெல்லாம் இன்னிக்கும் அட்டகாசம்,” என்றார் மேனேஜர். “குதிரை வாசல்ல மாட்டிக்கிறதையும் சரி பண்ணிட்டோம். மிச்சம் ஒரு குறைதான். வீராங்கனை பாதி கேம் வரைக்கும் நாயகனை ‘நீங்க’ங்கிறா. எரியுற கோட்டையைத் தாண்டினதும் திடீர்னு ‘நீ’ங்கிறா. எதை வச்சுக்கலாம்? இன்னிக்கே முடிவு பண்ணணும்.”

“என் கவனக்குறைவுதான். எல்லாத்தையும் ‘நீங்க’ன்னு மாத்திடுங்க,” என்றார் பெண்மணி.

“அந்த ‘நீ’யில மட்டும் கை வைக்காதீங்க. கேமுக்கு உயிரே அதுதான்,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“சார், உங்க வசனத்தை நீங்க பாருங்க.”

“பார்த்துட்டுத்தான் சொல்றேன், மேடம்.”

மேனேஜர் தலையைச் சொறிந்தார். “கோட்டையில அப்படி ஒண்ணும் நடக்கலையே! அப்புறம் ஏன் மாறுச்சு?”

பெண்மணி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“கோட்டை வசனத்தை எழுதி முடிச்ச வாரம்தான் எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

மேனேஜர் விழித்தார். “காலையிலேர்ந்து சார், மேடம்னு பேசிக்கிறீங்களே!”

“விவாகரத்து ஆனதிலேர்ந்து அப்படித்தான்,” என்றார் அவர்.

பெண்மணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்தவர், மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“‘நீ’யே இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு மிச்சக் கதை தெரியாது.”