வேளைக்கு ஆறு இலை

அன்று அந்த மாடி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். கட்டிலில் லேத் பட்டறைக்காரர். அவர் காலருகே மனைவி. தையல் வேலை செய்பவள். நாற்காலியில் அவருடைய அண்ணன், உதிரிபாகக் கிடங்கில் இருப்பு எண்ணுகிறவர். தரையில் அக்கா. பிற்பாடு வந்த நர்ஸையும் சேர்த்தால் ஐந்து.

தலையணை உறையில் நூல் பிரிந்திருந்தது. வெட்டலாமென்று அக்கா கத்தரிக்கோல் தேடினாள். தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தால் உள்ளே மாத்திரை அட்டைகள்.

அண்ணன் வாங்கி எண்ணினார். நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினார்.

"இருபது நாளைக்கு அறுபது மாத்திரை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இன்னையோட ஒண்ணுகூட இருக்கக் கூடாது. முப்பத்தாறு இருக்கு" என்றார். "பன்னிரண்டு நாளா என் தம்பிக்கு என்னம்மா கொடுத்தே?"

"துளசி" என்றாள் அவள்.

ஜன்னலில் மூன்று தொட்டிகள் இருந்தன. இரண்டில் வெறும் குச்சி. மூன்றாவதிலும் பாதி மொட்டை.

வேளைக்கு ஆறு இலை, காலையும் மாலையும் கஷாயம் என்று அவளே சொன்னாள். சக்கையை வீணாக்குவதில்லை, சளிக்கு இதமாக நெஞ்சில் பூசுகிறாள். காய்ந்த தண்டில் புகை போடுகிறாள். கதிரைக் கிள்ளித் தலைமாட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வேண்டிக்கொள்கிறாள். துளசிக்கு ஆகாத வியாதியே இல்லையாம்.

"எங்கம்மா பெத்தது மனுஷனை. தழை போட்டு வளர்க்க ஆட்டுக்குட்டியை இல்லை" என்றாள் அக்கா.

கட்டிலில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அக்கா சொன்னதைக் கேட்காதவள் போலப் போர்வையைச் சரிசெய்தாள்.

அது அண்ணனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. படித்துப் படித்துச் சொன்ன டாக்டரைவிடத் தொட்டிச் செடி பெரிதாகிவிட்டதா என்று கேட்டார். வேன் பிடித்து இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். தம்பி, வேண்டாம் அண்ணா, கஷாயம் குடித்தால் நெஞ்சு லேசாகத்தான் இருக்கிறது என்று மெல்லச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

படியிறங்கும்போது நர்ஸ் மேலே வந்துகொண்டிருந்தார். வலிக்கு ஊசி போட வாரம் இருமுறை வருகிறவர். அண்ணன் அவரை அங்கேயே நிறுத்தி, மாத்திரை அட்டைகளை நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார். அக்காவும் பின்னாலேயே வந்து நின்றாள். மனைவி கதவைச் சாத்திவிட்டுக் கடைசியாக வந்தாள்.

நர்ஸ் அட்டைகளைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் இவங்ககிட்ட சொல்லலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது டாக்டர்தாங்க. பன்னிரண்டு நாள் ஆச்சு. இனிமே அது வயித்தைப் புண்ணாக்கும், அவ்வளவுதான். வலி தெரியாம பார்த்துக்கறதைத் தவிர எங்க கையில ஒண்ணுமில்லை. போன தடவை பார்த்தப்பவே மூச்சு மேலே ஏறிடுச்சு. ரெண்டு நாள் தாங்கினா பெரிசு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் அட்டைகளை நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "உன்னை என்னவெல்லாம் பேசிட்டோம்."

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் அழுவீங்க மாமா. அவர் நாள் முழுக்க உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடக்கறார்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "டாக்டரே மருந்தை நிறுத்திட்டார்னு தெரிஞ்சா அன்னைக்கே மனசை விட்டுடுவார். அதான் கையில ஏதோ ஒண்ணு கொடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு நீங்க திட்டினதுகூட நல்லதுதான். சரியான மருந்து இன்னும் பாக்கி இருக்கு, இவதான் தரமாட்டேங்கறான்னு நினைச்சுக்குவார்."

நர்ஸ் ஊசி போட மேலே போனார்.

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நர்ஸ் வெளியே வந்து, செருப்பை மாட்டி, தெருவுக்கு இறங்கிப்போன பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனைவியும் அக்காவும் பின்னால் வர, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். போனவுடனே சத்தம் போட்டார்.

"இதோ பாரும்மா, நாளையிலிருந்து மாத்திரை உள்ளே போகணும். ஒரு வேளை தப்பினாலும் நான் மனுஷனா இருக்கமாட்டேன். எண்ணி வச்சிருக்கேன், தெரிஞ்சுக்கோ."

"சரி மாமா" என்றாள் அவள், பயந்தவள் போல.

கட்டிலில் இருந்தவர் கையைச் சற்று தூக்கினார்.

"விடுண்ணா. அவளுக்கு என்ன தெரியும். நான் எழுந்திருச்சதும் நானே கேட்டுக்கறேன்."

"நீ கேளுடா" என்றார் அண்ணன். "நல்லாக் கேளு."

ஊசியின் வேகத்தில் தம்பி கண்ணை மூடினார். மாலைக் கஷாயத்துக்கு இலை பறிக்க அவள் ஜன்னலுக்குப் போனாள். அண்ணன் பின்னாலேயே போய் நின்றார். எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"செடி மொட்டையாயிடுச்சே. போய் இன்னொரு தொட்டி வாங்கிட்டு வரட்டுமா?"

அவள் பறிக்காமல், ஒவ்வொரு கிளையாக விரலால் தொட்டு இலைகளை எண்ணினாள். முப்பத்தொன்று.

"வேண்டாம் மாமா. இன்னைக்கு மாலை, நாளைக்கு ரெண்டு வேளை, மறுநாள் காலை. ஏழு இலை மிஞ்சும்."