உம்பாய் கல்யாணப் படங்கள்

“இந்த மாசம் ஓடட்டும்ணே. அப்புறம் பார்த்துக்கலாம்.”

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பவானேஸ்வரி இதைச் சொல்வது நாலாவது முறை. சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் மேசையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

குருபோங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நளினி, பையைக் கீழே வைக்காமல் நாகமுத்துவைப் பார்த்தாள். ஏற்கெனவே மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் சும்மா திரும்பிப் போனவள்.

நாகமுத்துவுக்கு அலுப்பாக இருந்தது. தஞ்சோங் கிளிங்கில் முப்பது வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறார். இப்போது ஒரு ஆல்பத்தைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் இரண்டு முறை தூங்கி எழுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினால்தான் சரிவரும்.

“அவளுக்குப் பயம்மா” என்றார் நளினியிடம். “மூணு வருசத்துக்கு முன்னால சாஃப்ட்வேரைத் திருப்பிப் போடுறேன்னு இவளே உக்காந்தா. சிஸ்டமே படுத்துடுச்சு. உம்பாய் ஊர்ல நான் எடுத்த ஒரு கல்யாணம், ரெண்டாயிரம் படம். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோமேன்னு கேமரா கார்டை நான் அழிச்சிட்டேன். ஒண்ணுகூட மிஞ்சல.”

பவானி தலையைக் குனிந்துகொண்டாள்.

“வேற முதலாளியா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். நான் ஒரு வார்த்தை சொல்லல.”

அன்றைக்குச் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதற்குப் பிறகு மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அந்தக் கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொன்னீங்க அங்கிள்?”

“இவதான் போனா. சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி இறங்கி, அவங்கவங்க போன்ல எடுத்ததையெல்லாம் கேட்டு வாங்கி, ரெண்டு மாசம் உக்காந்து ஒரு ஆல்பம் செஞ்சு கொடுத்தா. தப்பு பண்ணிட்டா, செய்யணும்ல. நல்லவேளை, மத்தக் கல்யாணமெல்லாம் தனியா எடுத்து வச்சிருந்தா.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சாலை எது, கடல் எது என்று தெரியவில்லை.

“தள்ளும்மா பவானி” என்றார் தணிந்த குரலில். “போனா போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் நகர்ந்தாள்.

நளினி பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தாள். “உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு அங்கிள். ஒண்ணு சும்மா கிடக்கு.”

“அதுதான் அன்னிக்குப் போனது. பார்க்க வந்த ஆளு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு புதுசை மாட்டிட்டுப் போயிட்டான்.”

“அதுக்கப்புறம் யாரும் தொடலையா? அப்ப படம் உள்ளதான் இருக்கும்லா. இப்ப நம்மகிட்ட அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. எடுத்துப் பார்ப்போம்.”

“அது வேணாம்” என்றாள் பவானி. முகம் வெளுத்திருந்தது. “புதுசை மட்டும் போட்டுக் கொடு நளினி. பழசு வேணாம்.”

தொலைத்தது திரும்பிக் கிடைக்கும் என்றால் யாராவது இப்படிச் சொல்வார்களா? நாகமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. மழைச் சத்தத்தில் அவருக்குக் கண் சொக்கியது. அந்தக் கல்யாணம் நினைவில் எழுந்து வந்தது. என்ன ஒரு வெளிச்சம் அன்றைக்கு. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம் பூத்திருந்தது. ஒளிக்கு உள்ளேயிருந்து நடந்து வருவதுபோல மணப்பெண் வந்தாள். கேமராவை நம்பாமல், ஒவ்வொரு படத்துக்கும் தன் கையாலேயே ஃபோக்கஸ் வைத்தார். வாழ்க்கையில் அப்படி எடுத்ததே இல்லை என்று இன்னமும் நினைத்துக்கொள்வார்.

“வருது அங்கிள்.”

அவர் நிமிர்ந்தார். முதல் படத்தில் சிவப்பாக ஏதோ பரவியிருந்தது. அடுத்ததில் மஞ்சள். மாலைக்கு மேலே மணப்பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், நீரில் கரைந்த சந்தனம் போல ஒரு நிறம்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இன்னும் முழுசா வரலையாம்மா?”

“முழுசா வந்திருச்சு அங்கிள். படமே...” நளினி நிறுத்திக்கொண்டாள்.

நூறு, ஐந்நூறு என்று வந்துகொண்டே இருந்தன. ஒன்றிலும் ஒருவருக்கும் முகமில்லை. எல்லோரும் கனவில் வந்தவர்களைப்போலக் கலைந்து நின்றார்கள்.

நாகமுத்து படத்தின் தேதியைப் பார்த்தார். அந்த வருடக் கடைசியில்தான் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். “இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படி வேலை செஞ்சீங்க?” என்று டாக்டர் கேட்டார். வரமாட்டேன் என்றவரை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள் பவானி.

“நான் எடுத்ததா இது?”

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

“பவானி, அன்னிக்கே இதைப் பார்த்துட்டியா நீ?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம்ணே” என்றாள் அவள், திரையைப் பார்க்காமல். “ஒவ்வொண்ணையும் பார்த்து, கண்ணாடி மாதிரி வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டீங்க. நீங்க வீட்டுக்குச் சாப்பிடப் போனப்புறம்தான், நான் எல்லாத்தையும் அழிச்சேன்.”