தங்கத் தாளுக்குள் ஒரு செடி

கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு நர்சரி வாசலில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வாங்கும் பாயின்செட்டியாச் செடிகள் இரண்டு அருகருகே நின்றன. இரண்டுக்கும் உச்சி இலைகள் நல்ல சிவப்பு. நெட்டைச் செடியின் தொட்டியைத் தங்க நிறத் தாள் சுற்றியிருந்தது. குட்டைச் செடி வெறும் தொட்டியில் நின்றது.

"உனக்கென்ன, தாளைப் பார்த்தே வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்றது குட்டை.

நெட்டை குரலைத் தாழ்த்தியது. "யார்கிட்டயும் சொல்லிடாதே. ஊத்துற தண்ணியெல்லாம் தாளுக்குள்ளயே தேங்கி நிக்குது. வேர் மூச்சுத் திணறுது. அடி இலை பழுத்துப்போச்சு."

"கடைக்காரர் பார்த்தாலாவது..."

"பார்த்தா குப்பையிலதான் போடுவார்."

அப்போது செலின் என்ற பெண் வந்தாள். வீட்டுக்கு ஒன்றும் சர்ச்சுக்கு ஒன்றும் வேண்டும் என்றாள். குட்டையின் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள், பூச்சி இல்லை. நடு மொட்டுகள் இன்னும் விரியவில்லை, பண்டிகை வரை தாங்கும். மண்ணில் ஈரம் அளவாக இருந்தது. குட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அடுத்து நெட்டையின் தாளை விலக்கினாள். தேங்கிய தண்ணீர் அவள் செருப்பில் கொட்டியது.

"அண்ணே, இப்படியே விட்டா அழுகிடும். தாளைக் கழட்டி வெளிச்சத்துல வைங்க, பிழைச்சுக்கும். நான் வேற எடுத்துக்கறேன்."

கடைக்காரர் பதறிப்போய்த் தாளைக் கிழித்தார். பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்தார். தொட்டியைச் சாய்த்து, மிச்சத் தண்ணீரையும் வடித்தார்.

செலினின் கையிலிருந்து குட்டை மெதுவாகக் கேட்டது: "வெட்கமா இருக்கா?"

"இருக்கு" என்றது நெட்டை. "ஆனா நல்லா மூச்சு விட முடியுது."