தாய்மீன்

விஞ்ஞானி கதையை முடித்தபோது, முன்வரிசையில் இருந்த தையல்காரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

போன கூட்டத்தில் வரைபடம் காட்டி, நுண்ணுயிரி, ஆக்சிஜன் என்று விளக்கியிருந்தார். பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். மீதிப் பேர் பாதியிலேயே எழுந்து போனார்கள். அதற்கப்புறம்தான் வீடு வீடாகப் போய் அந்த ஊர்க் கதையைக் கேட்டு வாங்கினார். படகுக்காரர், கடைக்காரர், யாரைக் கேட்டாலும் ஒரு வார்த்தை பிசகாமல் அதையே சொன்னார்கள். அவருக்கு மெய்சிலிர்த்தது. இப்போது ஒரு பொடிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏரிக்கு அடியில ஒரு தாய்மீன் இருக்கு. என்ன அழுக்கு விழுந்தாலும் முழுங்கிடும். நீங்க சொன்ன கதைதான். இப்போ அதுக்கு வயசாயிடுச்சு. இந்தப் பொடியில இருக்கிற கிருமிங்கதான் அதோட பிள்ளைங்க. தாய் பாத்த வேலைய இனிமே பிள்ளைங்க பாக்கும். இத ஏரியில கொட்டச் சம்மதம்னா கையத் தூக்குங்க."

ஜன்னலுக்கு வெளியே, பூட்டிக் கிடந்த சாய ஆலையை ஒட்டி ஏரி பச்சையாக நாறிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. தையல்காரம்மாவின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் அவளிடம் போனார்.

"என்னம்மா, கதை மனசத் தொட்டுடுச்சா?"

"எங்கண்ணன் ஞாபகம் வந்துடுச்சுங்க. தாய்மீன் இருக்குன்னு நம்பிக் கடைசிவரைக்கும் ஏரித் தண்ணியத்தான் குடிச்சாரு. உடம்பெல்லாம் புண்ணாகிப் போய்ச் சேந்தாரு. அப்ப அண்ணி கைப்பிள்ளக்காரி."

விஞ்ஞானி தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிமே யாருக்கும் அப்படி ஆகாதும்மா. அதுக்குத்தான் இவ்வளவு பாடு." மனதாரத்தான் சொன்னார்.

கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"இந்தக் கதை எத்தனை தலைமுறையா இருக்கு? உங்கம்மா சொல்லிக் கேட்டதா?"

"எங்கம்மாவும் எங்கூட உக்காந்துதாங்க கேட்டாங்க. இதே கூடத்துல."

"அப்போ யார் சொன்னாங்க?"

அவள் தன் நாற்காலியை மடக்கிச் சுவரோரமாகச் சாய்த்தாள்.

"சாயக் கழிவ ஏரியில விடச் சம்மதம் கேட்டு வந்த விஞ்ஞானி."