கறுப்பையாவின் ஈரல்

“எங்க வீட்டுக்காரர் குடிச்சுத்தானுங்களே செத்தாரு? அதை மட்டும் பார்த்துச் சொல்லிருங்க மிஸ்.”

வேலாயி இதோடு மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டாள். வத்தேகமவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி இந்த ஆய்வுகூடத்துக்கு வந்து, செத்துப்போன புருஷனைக் குடிகாரன் என்று சொல்லச் சொல்லி நிற்கிறாள். பத்மாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறுப்பையா தோட்டத்தில் புல் சாக மருந்து அடித்தவன். பதினோரு வருடம் முதுகில் மருந்து டாங்கியோடு மலை ஏறி இறங்கியவன், ஐம்பது வயதுக்கு முன்பே வயிறு வீங்கிச் செத்துப்போனான். பிரேதப் பரிசோதனையின்போது ஆராய்ச்சிக்கென்று அவன் ஈரலில் ஒரு துண்டு கேட்டார்கள். வேலாயி மறுபேச்சுப் பேசாமல் கைநாட்டு வைத்தாள். முடிவைத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அந்த வேலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிற பத்மாதேவியின் தலையில் விழுந்தது. ஈரல் துண்டை மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி அகச்சிவப்பு நுணுக்குக்காட்டியில் வைத்திருந்தாள். சாயம் எதுவும் பூச வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பட்டால், எங்கே என்ன படிந்திருக்கிறது என்று கணினித் திரையில் நிறம் நிறமாக விழும். குடிகாரன் ஈரலென்றால் கொழுப்பு சிவப்புச் சிவப்பாகத் திட்டுக் கட்டி நிற்கும்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. மூச்சுக்காத்து ஈரம் பட்டாலே படம் கெட்டுப்போகும்.”

வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தோட்டத்தில ஆராவது இப்பிடிக் கேக்கச் சொல்லி அனுப்பினவையோ?”

“இல்லீங்க. நானாத்தான் வந்தேன்.”

“மனுசன் ஒவ்வொரு நாளும் குடிக்கிறவரோ?”

“தீவாளிக்குக் குடிப்பாருங்க. பொங்கலுக்கும் கொஞ்சம். அது போதாதுங்களா மிஸ்?”

பத்மாதேவிக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. மருந்தால் செத்தான் என்று வந்தால் தோட்டத்துக்குத் தலையிடி. அதுதான் வேலையாட்களை மேய்க்கிற கங்காணி எதையோ காட்டி இவளைக் கைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறான். செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கட்டினவன் பெயரை விற்க வந்துவிட்டாள். இப்படியும் ஒரு பெண்.

திரையில் படம் விழுந்தது. மேலிருந்து கீழ்வரை நீலம், இடையிடையே வடுக்களின் வெளிறிய கோடுகள். சிவப்பு பெயருக்கும் இல்லை.

முன்பின் தெரியாத ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை பத்மாதேவிக்கு. திரையை வேலாயி பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தாள்.

“வடிவாப் பாருங்கோ. இது குடிச்சுப் பழுதான ஈரல் இல்லை. அந்த மருந்துதான் உள்ளுக்குப் போய்க் கெடுத்திருக்கு எண்டு எங்கட டொக்டரும் சந்தேகப்படுறார். இனியாவது அந்த மனுசனைக் குடிகாரன் எண்டு சொல்லித் திரியாதேங்கோ.”

வேலாயி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைப் பொத்தியிருந்த முந்தானை நனைந்துகொண்டே வந்தது.

“ஒரு இடத்துலகூடச் சிவப்பு இல்லீங்களா?”

“இல்லை.”

“அவரு டாங்கியை இப்ப எம் மகன்தாங்க தூக்குறான்” என்றாள் வேலாயி. “அவன் தீவாளிக்குக்கூடக் குடிக்க மாட்டான் மிஸ்.”