அடங்காத கை

மைக்கின் முன்னால் வந்து நின்றதும் அவள் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

“மேடம், கை மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கட்டும். போன தடவை வீடியோவுல உங்க முகமே தெரியல” என்று மக்கள் தொடர்பு அதிகாரி கெஞ்சியிருந்தார்.

நியாயமான வேண்டுகோள்தான். நிலநடுக்க ஆய்வுத் துறையின் தலைவி அவள். மாணவர்கள் வைத்த பெயர் பூகம்பம். பாடம் அதற்குப் பாதிக் காரணம்தான். அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தேநீர்க் கோப்பைகளைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பல்கலைக்கழகத்தை அறிமுகம் செய்து பேசுவது துணைவேந்தரின் வேலை. அன்று காலை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பொறுப்பு இவள் தலையில் விழுந்தது.

விழுந்தது என்பது பேச்சுக்குத்தான். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

உடனே அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, இடம் கிடைக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பேசத் தொடங்கினாள். எத்தனை துறைகள், எத்தனை ஆய்வுக்கூடங்கள், எந்த வாசல் எங்கே திறக்கும்.

கையைக் கட்டிப்போட்டதில் குரலும் கட்டுப்பட்டுவிட்டது. பேருந்து நிலையத்தில் நேரம் அறிவிப்பவளைப் போல இருந்தது அவளுக்கே. முன்வரிசையில் ஒரு அம்மா கொட்டாவி விட்டார்.

கடைசி வரிசையைப் பார்த்தாள்.

அப்பா கழுத்தை நீட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாத முகம். ஆனாலும் எல்லாம் புரிவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், மகள் சங்கடப்படக் கூடாதே என்று.

அந்தத் தலையாட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

கைகளை எடுத்தாள்.

வலது கை மேலே ஏறி, மலையுச்சியில் நிற்கும் தொலைநோக்கியைக் காட்டியது. விரல்கள் குவிந்து விரிந்தன. தண்ணீர் இல்லாத மண்ணிலும் கருகாத விதைகள் முளைத்தன. நெருப்பில் வெந்தவர்களுக்குப் புதுத் தோல் வளர்க்கும் கூடம் வந்தது. கடலடிக்குப் போய்த் திரும்பும் படகு வந்தது. பழைய சுவடிகளைக் காக்கும் நூலகத்தின் கீழ்த்தளம் வந்தது.

“இது எந்தப் பணக்காரரும் கட்டிக்கொடுத்தது இல்ல. உங்க அப்பா அம்மா உழைச்சு, வரி கட்டி எழுப்பினது. அதனால இங்க யாரும் விருந்தாளி மாதிரி ஓரமா உட்காராதீங்க!”

குரல் தானாக எழும்பியிருந்தது. கொட்டாவி விட்ட அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைவேந்தர் எட்டித் தண்ணீர்க் குவளையை நகர்த்தினார். மக்கள் தொடர்பு அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரின் தொடையைத் தட்டி, மேடையைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பிறவியிலேயே காது கேட்காதவர் அவர். அவள் அம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டில் அவள் முதலில் பேசியது கைகளால்தான். வாய் பிறகுதான் சேர்ந்துகொண்டது. மகளுடைய படிப்பின் பெயருக்குச் சைகை இல்லாமல் போனபோது அப்பாவே ஒன்றை உண்டாக்கினார். நடுங்கும் ஓர் உள்ளங்கை; அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கும் மறு கையின் விரல்கள்.

பேச்சு முடிந்தது. அரங்கம் எழுந்து கைதட்டியது.

அப்பா தட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களைப் படபடவென ஆட்டினார். அவர்களுக்குக் கைதட்டல் அதுதான்.

அந்த இரண்டு கைகளைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

நடு வரிசையில் இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. அதேபோல ஆடின.

புதிதாகச் சேர வந்த ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய அண்ணன். தங்கைக்காக ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியாகக் கைப்பேசியில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தவன், எப்போதோ அதை மடியில் போட்டுவிட்டிருந்தான்.

கைகள் கீழே இறங்கியதும் அந்தப் பெண் கேட்டாள். அவசரமான, மிகச் சாதாரணமான கேள்வி.

மேடையில் நின்றவள் மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

“ஒரு கேள்வி வந்திருக்கு. பெண்கள் விடுதிக்கு எந்தப் பக்கமா போகணும்னு கேக்கறாங்க.”

அரங்கம் முழுவதும் கேட்டவரைத் தேடித் திரும்பிப் பார்த்தது. ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.